அர்ஜென்டினாவின் அருகே ஓர் எண்: ஸ்காலர் நிரலும் பொருண்மை இணையம் கைவிட்டதும்

ஹைமே கார்பொனெல் தம் எம்.ஐ.டி. முனைவர்ப் பட்ட ஆய்வையொட்டி 1970-இல் வெளியிட்ட, ஸ்காலர் என்ற கற்பிக்கும் நிரல் பற்றிய கட்டுரையை, பொருண்மை இணையத்தின் முன்னோடியாக வாசிப்பதுண்டு. குவில்லியனின் பொருண்மை வலைப்பின்னலில் தென்னமெரிக்கப் புவியியலைப் பதிந்து, வினா, விடை இரண்டையும் அதிலிருந்தே ஆக்கிய நிரல் என்பதால் அவ்வாசிப்பு பிழையன்று. ஆனால் கட்டுரையின் உயிர்நிலையான ஒன்று அதில் விடுபட்டுப்போகிறது.

அர்ஜென்டினாவுக்கான பதிவில், இடவமைவு என்ற தலைப்பின்கீழ் எல்லை நாடுகளும் அட்சரேகையும் உள்ளன. அவற்றின் அருகே பொருந்தாமைக் குறி என்ற ஓர் எண் நிற்கிறது. எண் பெருகப் பெருக, செய்தி தலைப்பிலிருந்து விலகுகிறது. எல்லை நாடுகளுக்குச் சிறிய எண். அட்சரேகைக்கு அதைவிடப் பெரியது. வலைப்பின்னலில் படி இறங்குந்தோறும் எண்கள் கூட்டப்படும். கூட்டுத்தொகை வரம்பைக் கடந்தால் நிரல் பேச்சை நிறுத்திக்கொள்ளும்.

இதை விடையின் நீளத்தைக் குறைக்கும் உத்தி என்றே முந்தைய ஆய்வுகள் கடந்துசெல்கின்றன. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. மாணவரிடம் எதைக் கேட்பது என்று தெரிவுசெய்வதிலும் இதே குறிக்குப் பங்குண்டு. மேலும், எண்கள் வழிநெடுகக் கூடுவதால், ஒரே செய்தி அர்ஜென்டினாவிலிருந்து பார்த்தால் அருகிலும், தென்னமெரிக்காவிலிருந்து பார்த்தால் தொலைவிலும் இருக்கிறது. ஆகவே அக்குறி அளப்பது செய்தியின் மெய்ம்மையை அன்று. எதை முதலில் சொல்வது என்ற ஆசிரியரின் தெரிவை.

பொருண்மை இணையத்தின் 1999-இன் ஆர்.டி.எஃப்., 2004-இன் ஓ.டபிள்யூ.எல். தரங்களில் வலைப்பின்னல் தொடர்கிறது, குறி இல்லை. 2002-இன் கற்றல் பொருள் மீத்தரவுத் தரம் கடினத்தையும் கற்கும் நேரத்தையும் பதிகிறது; ஆனால் கற்றல் பொருள் முழுமைக்கும் சேர்த்துத்தான், உள்ளே இருக்கும் தனித்தனிக் கூற்றுகளுக்கு அன்று. இந்த அடித்தளத்தில் எழும் கல்விசார் அறிவு வரைபடத்தில் எல்லை நாடும் அட்சரேகையும் ஒரே தட்டில் நிற்கின்றன.

ஆர்.டி.எஃப். கூற்றுக்கும் எண் சேர்க்கலாமே எனலாம். சேர்க்கலாம்தான். அந்த எண்ணின் பொருளைத் தரம் வரையறுக்காதவரை, இன்னொரு பல்கலைக்கழகத்தின் நிரலுக்கு அது வெற்று எண். குறி ஒருவரின் மதிப்பீடு மட்டுமே என்ற மறுப்பு பாடத்திட்டத்துக்கும் பொருந்தும். அதற்காகப் பாடத்திட்டத்தை யாரும் கைவிடுவதில்லை. பெருமொழி மாதிரிகள் இவ்வரிசையைத் தாமே கற்கும் என்பதும் நிலைக்காது: அந்த வரிசை எங்கே பதிந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டித் திருத்த ஆசிரியருக்கு அங்கே இடமில்லை.

ஒரு கட்டுரையின் ஒரு பதிவை வைத்து முழு வரலாற்றையும் திருத்தி எழுத முடியாது. ஆயினும் இவ்வளவு சொல்லலாம்: கற்பித்தலுக்கான அறிவுப் பதிவில் மெய்ம்மைக்கு நிகராக முதன்மையும் பதியப்பட வேண்டும் என்பது 1970-லேயே செயல்வடிவம் பெற்ற கருத்து. பொருண்மை இணையத்தைக் கல்விக்குக் கொண்டுவரும் ஆய்வகங்கள் அதைத் தரத்தின் ஓர் உறுப்பாகவே கோர வேண்டும்.