ஆவியில் வெந்த இனிப்பு

இங்கிலாந்தில் உணவின் முடிவில் வரும் இனிப்பு எதுவாயினும் அதனைப் 'புட்டிங்' என்றே சொல்லிவிடுவர். ஒலி ஒற்றுமை கண்டு நம் பிட்டுடன் அதற்கு உறவு கற்பிக்க வேண்டா. தொடக்கத்தில் அஃது இனிப்பே அன்று; விலங்கின் குடலில் இறைச்சியும் இரத்தமும் மாவும் அடைத்து வேகவைத்த பண்டம். குடலுக்காக விலங்கை அறுக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவு தூவிய துணியில் முடிந்து வேகவைக்கும் முறை பரவியதும் அத்தளை நீங்கியது. மாவு, மாட்டுக் கொழுப்பு, உலர்ந்த திராட்சை ஆகியவற்றைக் கொண்டு வேண்டியபோது செய்துகொள்ளலாயினர். பிரான்சிலிருந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த மிஸோன் என்பவர் 1698-இல் வெளியிட்ட நூலில் இதனை வாயாரப் புகழ்ந்துள்ளார்.

சுடாமல் ஏன் வேகவைத்தனர்? எளியோர் வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பு இல்லை. கணப்பின் மேல் தொங்கிய ஒரே பானையில் இறைச்சியும் காய்கறியும் இத்துணி மூட்டையும் ஒருங்கே வெந்தன. பின்னர்த் துணியின் இடத்தைப் பீங்கான் கிண்ணம் பெற்றது. அதன் வாயைக் காகிதத்தாலும் துணியாலும் கட்டுவர். மாவு உப்புவதற்கு இடம் வேண்டி மேலே ஒரு மடிப்பு விடுவர். பாதியளவு நீருள்ள பாத்திரத்தில் அக்கிண்ணம் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆவியில் இருக்கும். இட்டலி அவிக்கத் தெரிந்த நமக்கு இவ்வித்தை புதிதன்று. அவர்தம் பொறுமைதான் புதிது.

இதில் இட்ட சர்க்கரைக்கு ஒரு கொடிய வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அடிமை வாணிகத்தை ஒழிக்கும் முயற்சியை 1791-இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. அவ்வாண்டே வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய சிறு நூலைப் படித்து எண்ணற்ற குடும்பத்தினர் அச்சர்க்கரையைக் கைவிட்டனர். வாக்குரிமையற்ற பெண்டிர்க்குத் தம் எதிர்ப்பைக் காட்டச் சமையலறையே அவையாயிற்று. சிலர் கிழக்கிந்தியச் சர்க்கரையை வாங்கினர். அடிமைகள் விளைவிக்காதது என்று சர்க்கரைக் கிண்ணங்களில் பொறித்தும் வைத்தனர். இந்தியாவிலும் அந்நாளில் அடிமைமுறை இருந்ததென்பதை அவ்வெழுத்துகள் சொல்லா. அடிமை வாணிகம் 1807-இல் தடை செய்யப்பட்டது. அடிமைமுறையை ஒழிக்கும் சட்டமோ 1833 வரை வரவில்லை.

கடற்பஞ்சு போன்ற மென்மை இப்பண்டத்திற்கு எளிதில் வாய்க்கவில்லை. மாவு உப்ப வேண்டுமாயின் முட்டையை நெடுநேரம் அடித்துக் காற்றேற்ற வேண்டும். வேலையாட்கள் உள்ள வீட்டிற்கே அது இயலும். இதனை மாற்றியவர் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் ஆல்ஃபிரட் பேர்ட். அவர் மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது. ஈஸ்ட் இட்ட ரொட்டியும் ஒவ்வாது. அவர் பொருட்டு 1837-இல் முட்டையின்றிச் சோள மாவினால் கஸ்டர்ட் பொடியும், 1843-இல் மாவை உப்பச் செய்யும் பேக்கிங் பொடியும் அவர் ஆக்கினார். சோடா உப்பும் அமிலப் பொருளும் நீர் பட்டவுடன் கலந்து கரியமில வாயுவை எழுப்ப, அதன் குமிழிகளே மாவைத் தூக்கிவிடும். இன்று ஆங்கிலேயர் வெந்த பஞ்சுப் பண்டத்தின்மேல் மஞ்சள் நிறக் கஸ்டர்டை ஊற்றி உண்கின்றனர். ஒரு பெண்ணின் உடற்குறை இவ்விரண்டிற்கும் வழிகாட்டியதை உண்போருள் எத்தனை பேர் அறிவரோ!

1874-இல் சர்க்கரை வரி நீங்கியது. 1880-களில் ஏப்ரம் லைல் நிறுவனத்தார் சர்க்கரை ஆலையின் பொன்னிறப் பாகைத் தகரக் குவளைகளில் விற்றனர். கிண்ணத்தின் அடியில் அப்பாகை ஊற்றி மேலே மாவை இட்டு அவித்தல் தொழிலாளர் இல்லங்களிலும் வழக்கமாயிற்று. இரும்பு அடுப்புகள் பரவியபின் சுடும் வகைகளும் பெருகின. ஆப்பிள் துண்டுகளின் மேல் மாவை ஊற்றிச் சுடும் 'ஏவாள் புட்டிங்' அவற்றுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போரில், 1940 சனவரியில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. காரட்டைத் துருவியிட்டு இனிப்பை ஈடுசெய்தனர். முட்டைக்கு மாற்றாக முட்டைப் பொடியைக் கரைத்தனர். போர் முடிந்து எட்டாண்டுகள் சென்று, 1953 செப்டம்பரில்தான் சர்க்கரைப் பங்கீடு நீங்கியது. காலப்போக்கில் இப்பண்டங்கள் மறைந்துவிடுமோ என்று கவலையுற்றோர் 1985-இல் குளொஸ்டர்ஷயரின் மிக்கில்டன் கிராமத்து விடுதி ஒன்றில் 'புட்டிங் கழகம்' கண்டனர். அங்கே ஒரே இரவில் ஏழு வகைகளை உண்டு, சிறந்தது எதுவென வாக்களிப்பர்.