அரண்மனைக்கு ஏழு அடி கீழே

1844இல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் ஒரு கட்டட விதி போட்டார். பீட்டர்ஸ்பர்க் நகரில் தனியார் கட்டும் எந்த வீடும் குளிர்கால அரண்மனையின் மேல்விளிம்பைவிட ஒரு சாஜென் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். சாஜென் என்பது பழைய ரஷ்ய அளவு, சரியாக 7 அடி. பதினொரு சாஜெனுக்கு மேல், அதாவது 77 அடிக்கு மேல், யாரும் எழுப்பக் கூடாது. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் ஊருக்குப் புறப்படுமுன் படித்தவற்றில் மனத்தில் தைத்தது இந்த ஒரு விதிதான். மேலே போகவிடாமல் தடுத்தால் கட்டடம் எங்கே போகும்? பின்னால் போகும்.

அப்படித்தான் போயிருக்கிறது. தெருவைப் பார்த்து ஒரு கம்பீரமான முகப்பு. அதில் வண்டி நுழையும் அளவுக்கு ஒரு வளைவு வாசல். உள்ளே போனால் ஒரு முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம். நாலாபுறமும் ஐந்து மாடிச் சுவர்கள் நெருங்கி நிற்க, அண்ணாந்தால் கைக்குட்டை அளவு வானம் தெரிகிறது. அந்த ஊர்க்காரர்களே இவற்றைக் கிணறு என்றுதான் சொல்கிறார்கள். தெருவைப் பார்த்த தளங்களில் பணக்காரர்கள், பின்கட்டில் குமாஸ்தாக்கள், நிலவறையிலும் கூரைக்கடியிலும் இல்லாதவர்கள். வீட்டுக்காரர்கள் அகலத்திலும் வரும்படி பார்த்தார்கள். ஒரே அறையைத் திரை போட்டுப் பிரித்து மூலை மூலையாக வாடகைக்கு விட்டார்கள். நம் பக்கத்து ஒண்டுக்குடித்தனம் இதற்குப் பங்களா.

1851இல் மாஸ்கோவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. நிலமும் கடனுமாகத் தவித்த குடியானவர்கள் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து இறங்கினார்கள். 1869 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 6 லட்சத்து 67 ஆயிரம். வந்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் சென்னயா சதுக்கம். பெயரே வைக்கோல் சந்தை. வைக்கோல், விறகு, மாடு என்று தொடங்கிய சந்தையைச் சுற்றிச் சாராயக் கடைகளும் மலிவுச் சத்திரங்களும் முளைத்தன. 1831இல் காலரா கலவரம் வெடித்ததும் இங்கேதான். சக்கரவர்த்தியே வண்டியில் வந்து கூட்டத்தின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. சந்தையின் அடையாளமாக இருந்த தேவாலயத்தை 1961இல் இடித்தார்கள். 1963இல் மெட்ரோ நிலையம் வந்துவிட்டது.

இந்தச் சதுக்கத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் ஸ்தோல்யார்னி சந்து. 1864 முதல் 1867 வரை தஸ்தயேவ்ஸ்கி இதன் மூலையில் அலோன்கின் என்ற வணிகரின் வீட்டில் வாடகைக்கு இருந்தார். சந்தில் வீடுகளைவிடச் சாராயக் கடைகள் அதிகம் என்று அக்காலப் பத்திரிகையே கேலி செய்திருக்கிறது. 1866 முழுக்க 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் தொடராக வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலின் பெரும்பகுதி இங்கே எழுதப்பட்டதுதான். ஜன்னலைத் திறந்தால் கதை நடந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

"அரண்மனைய விட்டுட்டு யாரோ குடியிருந்த வீட்டைப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள் என் மனைவி. அவள் ஆட்சியர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள். இதே வீட்டுக்குத்தான் 1866 அக்டோபரில் இருபது வயது அன்னா ஸ்நீத்கினா நோட்டும் பென்சிலுமாகச் சுருக்கெழுத்து வேலைக்கு வந்தாள் என்று சொன்னதும் என் மனைவியின் முகமே மாறிவிட்டது. ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் கடன்பட்ட தஸ்தயேவ்ஸ்கி, நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு புதிய நாவல் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்குத் தான் எழுதுவதையெல்லாம் காசில்லாமல் அச்சிடும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். 'சூதாடி'யை 26 நாளில் சொல்லி முடித்தார். பதிப்பாளர் வேண்டுமென்றே வெளியூர் போய்விட, கைப்பிரதியைப் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்கினார். மறு வருடம் பிப்ரவரியில் அவருக்கும் அன்னாவுக்கும் கல்யாணம். "அப்ப நாவலை எழுதினது அந்தப் பொண்ணு கைதானே!" என்றாள் மனைவி. எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

'குற்றமும் தண்டனையும்' நாவலில் பல தெருக்களுக்கு முழுப் பெயர் கிடையாது. ஸ் சந்து, க பாலம் என்று முதல் எழுத்தோடு நிற்கும். எது எந்தத் தெரு என்று பின்னாளில் குறிப்பெழுதி வைத்தவளும் அன்னாதான். ஸ் என்பது ஸ்தோல்யார்னி, க என்பது கோகுஷ்கின் பாலம். கதாநாயகன் ரஸ்கோல்னிகவ் வீடாக இன்று காட்டப்படுவது அருகிலுள்ள கிராஷ்தான்ஸ்கயா தெரு 19ஆம் எண். சுவர்மூலையில் 1999இல் ஒரு சிற்பம் பதித்திருக்கிறார்கள். அவன் கொல்லும் வட்டிக்கடைக் கிழவியின் வீடு என்று சொல்லப்படுவது கிரிபோயேதவ் கால்வாய் 104. நாவலில் எண் எதுவும் இல்லாததால் வேறு வீடுகளைக் காட்டுபவர்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே சரியாக 730 காலடி என்று ரஸ்கோல்னிகவ் எண்ணி வைத்திருக்கிறான். காலடி ஆளுக்கு ஆள் மாறும் என்பது சர்வேயருக்குத் தெரியும். எனக்கு அந்த எண் அளவாகப் படவில்லை. தூரத்தை எண்ணத் தொடங்கிய மனிதன் காரியத்தில் பாதியை முடித்துவிட்டான் என்பதற்குச் சாட்சியமாகவே படுகிறது. அவன் கோடரி எடுப்பது காவலாளியின் அறையிலிருந்து. தப்பிப்பதற்கு இரண்டு முற்றம், இரண்டு வாசல். திருடிய நகைகளைப் புதைப்பது வெறிச்சோடிய ஒரு முற்றத்தில், கல்லுக்கு அடியில். கல்யாணமான புதிதில் தஸ்தயேவ்ஸ்கி அன்னாவை அந்த முற்றத்துக்கே அழைத்துப் போய்க் கல்லைக் காட்டினாராம். நீங்கள் ஏன் இதற்குள் வந்தீர்கள் என்று அன்னா கேட்க, வழிப்போக்கர்கள் ஒதுங்குகிற காரியத்துக்குத்தான் என்றாராம்! அந்தக் கொலைக்கு உளவியல் காரணம் தேடி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நிக்கோலஸின் விதி இல்லாவிட்டால் அவனுக்கு அந்த முற்றங்களே கிடைத்திருக்காது என்பது என் கட்சி.

தஸ்தயேவ்ஸ்கி கடைசியாகக் குடியிருந்த வீடு குஸ்னேச்னி சந்து 5/2. 'கரமாசவ் சகோதரர்கள்' எழுதி, 1881இல் இறந்ததும் அங்கேதான். 1971 முதல் அது அருங்காட்சியகம். கண்ணாடிக்குள் அவர் தொப்பி இருக்கிறது. ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் எனக்கு ஸ்தோல்யார்னி சந்துதான் பெரிது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முழுதாக இருட்டாத வெண்ணிற இரவுகளுக்காக எல்லோரும் ஜூனில் போகிறார்கள். நீங்கள் ஜூலையில் போங்கள், 'குற்றமும் தண்டனையும்' தொடங்குவது அந்த மாதத்து வெக்கையில்தான். எம்.ஏ.சுசீலாவின் தமிழாக்கத்தில் முதல் பாகத்தையாவது படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் ஸ்தோல்யார்னி சந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.