தோட்டப் பதிவேடும் குடியுரிமையும்: வாசிக்கும் உரிமை, எழுதும் உரிமை பற்றியதொரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் குடியுரிமை இழப்பினை ஆராய்ந்தோர், அதனை இனவாத அரசியலின் விளைவாகவும், இடதுசாரி இயக்கத்தின் வாக்குப் பலத்தினை முறிக்கும் வர்க்க நடவடிக்கையாகவும் விளக்கியுள்ளனர். இவ்விளக்கங்கள் ஏற்புடையனவே. எனினும் அவ்விழப்பு எக்கருவி கொண்டு நிறைவேற்றப்பட்டது என்னும் வினா தனியே நோக்கத்தக்கது. அக்கருவி பதிவேடு. நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டக் காரியாலயங்களில் இருந்த ஏடுகளை எழுதியவர் யார், வாசிக்கக் கூடியவர் யார் என்பதனை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

இன்றைய கணினித்துறை இதற்குப் பயனுள்ள பாகுபாடொன்றினைத் தருகின்றது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான ‘சி’ மொழியில், கோப்பு ஒன்றினைத் திறக்கும்போதே அது வாசிப்பதற்கா, எழுதுவதற்கா, இறுதியிற் சேர்ப்பதற்கா என்பதனைக் குறிப்பிடல் வேண்டும். எழுதுவதற்கெனத் திறப்பின் முன்னிருந்தவை யாவும் அழிந்துவிடும். சேர்ப்பதற்கெனத் திறப்பின் பழையது நிலைக்க, புதியது அதனைத் தொடரும். அம்மொழியோடு வளர்ந்த யுனிக்ஸ் முறைமை, உடைமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினருக்கும் வாசிக்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் வெவ்வேறாக வகுக்கின்றது. கோப்பு யாரைப் பற்றியது என்னும் வினாவுக்கு அவ்வகுப்பில் இடமில்லை. தோட்ட ஏட்டிலும் அவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், தோட்டப் பதிவேட்டில் எவரது பெயர் உள்ளதோ அவரையே இந்தியத் தோட்டத் தொழிலாளர் என வரையறுத்தது. ஆகவே ஏட்டில் இருத்தலே சட்டத்தின் முன் இருத்தலாயிற்று. நாள்தோறும் பெரட்டுக்களத்திற் கூடியோரின் வேலை செக்றோலிற் பதியப்பட்டது. ஒரு நாட் சம்பளத்தினைத் தொழிலாளர் ‘பேர்’ என்றே வழங்கினர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழுந்தது. பேர் என்னுஞ் சொல் கூலியைக் குறிக்கும் நிலைக்கு வந்தமை, ஏடு வாழ்க்கையினை எவ்வளவு தூரம் ஆண்டது என்பதற்குச் சான்றாகும். கணக்குப்பிள்ளையும் கிளாக்கரும் எழுதினர், துரை ஒப்பமிட்டார். எழுதப்பட்டது சரியோ எனப் பார்க்கும் வாய்ப்பு, எழுத்தறிவும் மறுக்கப்பட்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இருக்கவில்லை.

துண்டு முறையும் இத்தகையதே. குறித்த கடனைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் எனத் தோட்டம் எழுதிக் கொடுப்பதே துண்டு. கங்காணி வழியாக அது தோட்டத்துக்குத் தோட்டம் சென்றபோது, கடனும் ஆட்களுடன் பெயர்ந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் தம்மைப் பற்றிய எழுத்து பிறர் கையில் இருக்கும் நிலை ஒழியவில்லை.

அதன் முழு விளைவு சுதந்திரத்தின் பின்னரே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கோரியது. பிறப்புப் பதிவு வேரூன்றாத காலத்தில் லயத்திற் பிறந்தோருக்கு அது எங்ஙனம் கிட்டும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையினை நிறுவக் கோரியது. ஒரு தடவையில் 12 மாதத்திற்கு மேற்பட்ட பயணம் வதிவினை முறித்தது. நாட்கணக்காக அவ்வதிவினைக் காட்டவல்ல செக்றோல் காரியாலயத்திலேயே இருந்தது. தோட்ட நிர்வாகத்துக்குக் கூலியைக் கணக்கிடப் பயன்பட்ட ஏடு, கூலி பெற்றவருக்கு அவரது உரிமையை நிறுவப் பயன்படவில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக 2,37,000 விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

தொழிலாளர் இதனை வாளா ஏற்றனர் எனக் கருதுதல் தவறாகும். கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ வாயிலாகத் தோட்ட நிலைமைகளை அச்சேற்றினார். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தொழிற்சங்கமும் அமைத்தார். சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். இவை துரையின் ஏட்டுக்கு மாறாக மக்கள் தரப்பில் எழுந்த பதிவுகளாகும்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே எண்களாகவே பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000; எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோரின் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே தீர்வை அடைந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போதும், 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றபோதும் தோட்டங்கள் கைமாறின. இன்று எஞ்சியுள்ள பழைய ஏடுகளைத் திரட்டிப் படியெடுத்தல் பல்கலைக்கழகங்களின் கடமையென நாம் கருதுகின்றோம். அவற்றை வாசிக்கும் உரிமை, பேர் பதியப்பட்டோரின் சந்ததியினருக்கு முதலில் உரியதாதல் வேண்டும். ஏட்டிற் காணப்படும் பிழையையும் அநீதியையும் அழித்தெழுதாது, அவற்றின் கீழ் அம்மக்களின் சாட்சியத்தினைச் சேர்த்தெழுதுவதே நேர்மையான வரலாற்று முறையாகும்.