முப்பது ரூபாய் கிளார்க் வேலைக்கு ஒரு அப்ளிகேஷன்

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு சின்ன வேலைக்கு ஆள் எடுத்தோம். பில் சரிபார்க்கணும், எக்செல் ஷீட்ல ஏத்தணும், அவ்வளவுதான். வந்த ரெஸ்யூம் இருநூத்துச் சொச்சம். அதை வடிகட்டுற ஸ்கிரிப்டை எழுதினது நான். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தா வெளியே. அரியர் இருந்தா வெளியே. படிப்பை விட்டு ரெண்டு வருஷம் வேலையில்லாம இருந்திருந்தா வெளியே. மூணே கண்டிஷன். ரன் ஆக ஒரு நிமிஷம்கூட ஆகல.

அதே வாரம்தான் இந்த எபிசோடுக்காக 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி எழுதப்பட்ட ஒரு அப்ளிகேஷனைப் பற்றிப் படித்தேன். மெட்ராஸ் துறைமுகத்தின் போர்ட் டிரஸ்ட் ஆபீஸில் ஒரு கிளார்க் இடம் காலி. விண்ணப்பித்தவருக்கு 24 வயது, கல்யாணம் ஆகிவிட்டது, டிகிரி கிடையாது. மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை, அதன்பிறகு முழு நேரமும் கணிதத்தில்தான் இருக்கிறேன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஃபெயில் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை பாருங்க. நாம "கரியர் பிரேக்"னு போடுறோமே, அதே வித்தைதான்.

பெயர் ராமானுஜன். ஆமா, அவரேதான். என் ஸ்கிரிப்ட் அவரை மூணு கண்டிஷன்லயும் தூக்கி வெளியே போட்டிருக்கும்.

கதையைக் கொஞ்சம் பின்னாடி கொண்டுபோறேன். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை; ஸ்காலர்ஷிப் போச்சு. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1907-ல் எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் ஃபெயில். அதற்குப் பிறகு சில வருஷம் டியூஷன், கடன், கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

1910-ல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் போகிறார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது கணக்கைப் பற்றிப் பேச நேரம் இல்லை. ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை. ஐயர் நோட்டைப் புரட்டினார், வேலை தரவில்லை. இப்படிப்பட்ட ஒருவரை ரெவென்யூ டிபார்ட்மெண்டின் அடிமட்ட வேலையில் போட்டுப் புதைக்க எனக்கு மனமில்லை என்று அவர் பின்னாளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

இந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். நமக்கும் "ஓவர்குவாலிஃபைட்"னு மெயில் வரும்ல? சாப்பாட்டுக்கு வழி தேடி வந்தவனுக்கு அந்தப் பாராட்டால என்ன பிரயோஜனம்? ஆனா ஐயர் மெயிலோட நிறுத்தல. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அது ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாறி, 1910 கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ராவ் தன் பணத்தில் மாசம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார். சும்மா இன்னொருத்தர் காசில் இருக்க ராமானுஜனுக்கு ஒப்பவில்லை. மறுபடியும் வேலை தேடினார். 1912 ஆரம்பத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்கு ஒரு தற்காலிக வேலை, சில வாரங்கள்தான். அடுத்து போர்ட் டிரஸ்ட்.

அப்ளிகேஷனோடு பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதமும் போனது. அவர் ராமானுஜனின் அசாத்தியத் திறமையைச் சொன்னதோடு, எண்களில் வேகமாக வேலை செய்வார் என்றும் எழுதினார். கணக்குப் பிரிவு கிளார்க்குக்கு வேண்டியது அதுதானே! மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து வேலை. மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு, மாசம் 30 ரூபாய்.

மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், கணிதக் கழகத்தின் பொருளாளர். இரவில் இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் தாவிவிடுகிற படிகளை நடுவில் எழுதச் சொல்லி நச்சரிப்பாராம். எனக்கு இப்படி ஒரு மேனேஜர் வாய்க்கல.

இதை நெகிழ்ச்சிக் கதையா மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. இன்னைய பாஷையில இது முழுக்க முழுக்க ரெஃபரல். ராமசுவாமி ஐயர், ராவ், நாராயண ஐயர் எல்லாருமே படித்த பிராமண அதிகாரிகள். ராமானுஜன் ஏழைதான், ஆனால் அந்தக் கதவைத் தட்டும்போது இன்னார் வீட்டுப் பையன் என்று திறந்தது. அதே மெட்ராஸில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள்தான் அதிகம். நாலு வருஷம் கழித்து, 1916-ல், பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது இந்தக் கணக்கைக் கேட்டுத்தான்: அரசு வேலையில் யார் எத்தனை பேர்? 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி அரசாணை வந்தது.

அப்போ மார்க்கைப் பார்த்தா ராமானுஜன் வெளியே. ஆளைத் தெரிஞ்சு எடுத்தா ஆளைத் தெரியாதவன் வெளியே. என்ன கோட் எழுதுறது, சொல்லுங்க?

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதம், நான் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க் என்றுதான் தொடங்குகிறது. அந்த மே மாசமே மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. போர்ட் டிரஸ்ட் வேலை முடிந்தது.

நான் ஸ்கிரிப்ட்ல அரியர் கண்டிஷனை மட்டும் கமெண்ட் பண்ணிட்டு மறுபடி ரன் பண்ணேன். புதுசா 41 ரெஸ்யூம் வந்துச்சு. "இதையெல்லாம் யார் படிக்கிறது?"னு மேனேஜர் கேட்டார். "நான் படிக்கிறேன் சார்"னு சொல்லிட்டேன். இதுவரைக்கும் பத்தொன்பது முடிஞ்சிருக்கு.