இரண்டு ஓட்டைகளும் ஒரு பரணும்

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், நான் வேலைக்குச் சேர்ந்தது 1971இல். எனக்கு அப்போது பதினைந்து வயது. உப்புத் தோலை உதறி, காது, கால், வால் ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று பார்த்து அடுக்குவதுதான் வேலை. தோலைத் தரம் பிரிப்பதற்கு ஒரு பாய் இருந்தார். ஆட்டுத் தோலைக் கையில் தூக்கிப் பார்த்தே ஆடு எந்தச் சீமையில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். சந்தைக்காரர்கள் கொண்டுவரும் கட்டுகளில் எப்போதாவது, நூற்றுக்கணக்கான ஆட்டுத் தோல்களுக்கு நடுவே, ஒரு புள்ளிமான் தோல் இருக்கும். அந்தக் காலத்தில் அதை யாரும் ஒளித்துக் கொண்டுவந்ததில்லை.

அப்படி ஒன்று வந்த அன்றைக்குத்தான் பாய் என்னைக் கூப்பிட்டார். சதைப் பக்கம் மேலே தெரியத் தோலை விரித்துப் போட்டார். நடுவில் முதுகுக் கோட்டைக் கட்டைவிரலால் நீளமாகத் தடவினார். கோட்டுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு சின்ன ஓட்டை. இடப்பக்கம் வயிற்றோரத்தில், கிட்டத்தட்ட தோலின் விளிம்பில், இன்னொன்று, கொஞ்சம் கிழிந்த மாதிரி.

“சுட்டவன் எங்க இருந்திருக்கான், சொல்லு தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. பாய் சொன்னார்: தரையில் நின்று சுட்டிருந்தால் இரண்டு ஓட்டையும் முதுகுக் கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். ஒன்று முதுகோடும் மற்றது வயிற்றோடும் ஒட்டியிருந்தால் குண்டு மேலேயிருந்து சாய்வாக இறங்கியிருக்கிறது. மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்தவன் வேலை. சொல்லிவிட்டு, விலை போகாத தோல்கள் கிடந்த மூலைக்கு அதைத் தள்ளினார்.

பல வருஷம் கழித்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து அடி உயரத்தில் இருப்பவன் அறுபது அடி தள்ளி நிற்கும் மானைக் குறிபார்த்தால் சாய்வு பதினாலு டிகிரிதான். மான் முப்பதடிக்கு வந்துவிட்டால் இருபத்தாறரை டிகிரி ஆகிவிடும். ஆகவே பரண் உயரமா, இல்லை மான் காலடிக்கே வந்துவிட்டதா என்பதைத் தோல் பிரித்துச் சொல்லாது. பாயிடம் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை.

அந்த மான் தோல் வந்த அன்று ராத்திரி ஊருக்குப் போனதும் தாத்தாவிடம் பாய் சொன்னதைச் சொன்னேன். ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். தாத்தா மூங்கில் வேலைக்காரர். கூடை, தட்டி, தானியக் குதிர் எல்லாம் முடைவார். அதோடு, வேட்டைக்கு வருகிறவர்களுக்குப் பரண் கட்டிக் கொடுப்பார். வெள்ளைக்கார துரைகள், அவர்களுக்குப் பிறகு நம்மூர் மிராசுதார்கள், கொஞ்சம் காசு சேர்ந்த தோல் முதலாளிகள் எல்லாருக்கும் கட்டியிருக்கிறார். தன் கையால் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“எந்த மரம்னு அந்த பாய் சொன்னாரா?”

மரத்தைவிடவும் அவருக்குக் காற்றுதான் முதல். மலை ஓரத்தில் காற்றுக்கு ஒரு வேளைக்கணக்கு உண்டு. வெயில் ஏறினால் பாறை சூடாகிக் காற்று மேலே ஏறும். பொழுது சாய்ந்து மலை குளிர்ந்தால் அதே காற்று பள்ளத்தைப் பார்த்து இறங்கும். மான் பெரும்பாலும் சாயங்காலம்தான் தண்ணீருக்கு இறங்கும். அந்நேரம் தடத்துக்கு மேல்பக்கம் பரண் இருந்தால் மனுஷ வாசனை சரிவோடு இறங்கி மானின் மூக்குக்குப் போய்விடும். ஆகவே மாலைப் பரண் தடத்துக்குக் கீழே, வெயில் ஏறிய பிறகு உட்காருகிற பரண் தடத்துக்கு மேலே. மேற்கை முதுகுக்குப் பின்னால் வைத்தால் இறங்குவெயில் மானின் கண்ணில் விழும், அது நல்லதுதான். ஆனால் வெயில் ஒரு பக்கமும் காற்று ஒரு பக்கமும் இழுத்தால் தாத்தா காற்றின் பேச்சைத்தான் கேட்பார். சாம்பலை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் வைத்திருப்பார். அதை உதறிப் பார்க்காமல் மரத்தில் கைவைக்க மாட்டார்.

வாசனை விஷயத்தில் அவர் ஈவிரக்கம் இல்லாதவர். என் சித்தப்பா ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். தோலில் முடி கழல்வதற்காக ஊறப்போடும் குழி. எத்தனை முறை குளித்தாலும் அந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஒருமுறை துப்பாக்கி வைத்திருந்த ஒரு முதலாளிக்குத் துணையாகச் சித்தப்பாவும் பரண் ஏறினார். இரண்டு ராத்திரி, பள்ளத்தில் ஒரு குளம்புச் சத்தம் கிடையாது. மூன்றாம் நாள் தாத்தா ஏணியை உருவிக்கொண்டு, “நீ இனிமே சந்தைக்கே போ, காட்டுக்கு வராத” என்றார். சித்தப்பா சாகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

உயரத்தைத் தாத்தா அடியில் சொல்ல மாட்டார், ஆள் கணக்குதான். மானுக்கு இரண்டரை ஆள். அதற்குக் கீழே போனால் மூக்கும் கண்ணும் கண்டுபிடிக்கும். மேலே போனால் முதுகு மட்டும்தான் தெரியும், நெஞ்சு மறைந்துவிடும், குண்டு முதுகைச் சீவிக்கொண்டு போய் மான் அடிபட்டு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். இப்படி ஓடிய மான்களைத் தேடி ரத்தச் சொட்டு பார்த்து நடந்தவர் அவர். அதனால்தான் உயரப் பரண் மேல் அவருக்கு வெறுப்பு. மூன்று ஆளுக்கு மேல் கட்டச் சொல்கிறவனைப் பார்த்தால், “பயந்தவனுக்கு எதுக்குடா வேட்டை?” என்பார், அவன் போன பிறகு.

மான் தலையைத் தூக்கி மேலே பார்க்காது என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம்மூர் மான் பார்க்கும். சிறுத்தை மரத்திலிருந்து குதிக்கிற காட்டில் பிறந்த மான் அது. குரங்கு கத்தினால் காதை நிமிர்த்தும். நெல்லிக்காய் உதிரும் காலத்தில், இலுப்பைப் பூ கொட்டும் காலத்தில், மான் அந்த மரத்தடிக்கு வரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் பரணை அந்த மரத்திலேயே கட்டக் கூடாது. அதற்கு அடுத்து, காற்றுக்குக் கீழே, அடிமரம் பருத்த ஒரு புளியோ மருதோ பார்க்க வேண்டும். பருத்த அடிமரம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் உருவம் வானத்தில் பதியாது. ஆணி அடிக்கவே கூடாது. மூங்கிலை ஆத்தி நாரால் கட்டுவார், முடிச்சுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஈரத் துணி கொடுப்பார், கிறீச் என்று சத்தம் வராமல் இருக்க. மறைப்புக்கு வெட்டிய தழை ஆகாது. இரண்டு நாளில் காய்ந்து சலசலக்கும். உயிருள்ள கிளையையே வளைத்துக் கட்டுவார். கட்டி முடித்தபின் ஒரு வாரம் யாரும் ஏறக் கூடாது. மான் அதைப் பார்த்துப் பழக வேண்டும்.

துரைகளுக்குச் சீக்கிர வேலையாக, கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கிளையில் கட்டுவதும் உண்டு. நாலு காலும் மேலே நிற்கும், தழையைச் சார்த்தி வைக்க வசதி. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பரண் அனுபவங்களைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஏலகிரிச் சிறுத்தையைப் பற்றியும் அவர் கதை ஒன்று உண்டு. அவர் உட்கார்ந்தது ஆளைக் கொன்ற விலங்குக்காக. சிறுத்தைக்கு மரம் ஏறத் தெரியும் என்பதால் அங்கே உயரம் ஒரு காப்பே இல்லை. மானுக்கான பரண் வேறு சாஸ்திரம். அதை எழுதி வைக்கத் துரைகளுக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை, புலியில்தான் பெருமை.

ஆனால் தாத்தா கட்டிய பரண்களில் பாதிக்குமேல் வேட்டைக்கானவை அல்ல. சாமைக் கொல்லைக்குக் கட்டியவை. மூங்கிலும் நாரும் கையும் ஒன்றுதான், கணக்குதான் தலைகீழ். காவல் பரண் கொல்லையின் நடுவில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஆள் வாசனை காட்டுக்குள் போக வேண்டும். ஒன்றரை ஆள் உயரம் போதும், இறங்கி ஓடவும் வேண்டுமே. சத்தம் போடுவதற்குத் தகரம், எரிவதற்கு ஒரு கட்டை. நான் பதினோரு வயதில் அப்படி ஒன்றில் இரண்டு மாதம் ராத்திரி படுத்திருக்கிறேன். தகரத்தைத் தட்டினால் கொல்லையோரத்தில் நிற்கும் மான் ஓடாது. முதலில் ஒரு காலைத் தூக்கித் தரையில் தட்டும், நமக்குப் பதில் சொல்கிற மாதிரி. அப்புறம்தான் திரும்பும்.

இதில் எது பழையது என்று கேட்டால் காவல் பரண்தான் என்பேன். சங்க காலத்துக் குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்தில் ஏறியது அதில்தான். அதற்கு அப்போது இதணம் என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மரத்தின் மேல் கட்டிய இதணம் வருகிறது. புலியே அஞ்சும்படி கட்டியவனுக்கு, உயரத்தில் இருப்பவன் என்ற பொருளில், சேணோன் என்று பெயர். அந்த இதணத்தில் ஏறிய பெண்களின் கையில் வில் கிடையாது. கிளி ஓட்டுகிற தழல், தட்டை, குளிர் என்ற கருவிகள்தான். சத்தம் எழுப்புவதற்கென்றே இத்தனை பெயர்கள் வைத்திருந்தவர்கள், பரண் தெரிய வேண்டும் கேட்க வேண்டும் என்று நினைத்தவர்கள்.

தினைப்புனம் காத்த பெண்களின் கதைக்கு உச்சம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. காட்பாடியிலிருந்து பொன்னை போகும் பக்கம் மேல்பாடியை ஒட்டி வள்ளிமலை. மேலே பாறையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் உண்டு. ஆனால் கூட்டம் வருவது முருகனுக்கும் வள்ளிக்கும். வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று மலையில் காட்டுவார்கள். கதையை நினைத்துப் பாருங்கள். அவள் ஒரு மான் வயிற்றில் பிறந்தவள். வள்ளிக் கிழங்கு தோண்டிய குழியில் கிடந்தவளை எடுத்து வளர்த்தவன் வேடர் தலைவன் நம்பிராஜன். மானின் மகள் வேடன் வீட்டில் வளர்ந்து, பரணில் ஏறிக் கவண் சுழற்றிக் கிளியையும் மானையும் விரட்டுகிறாள். அவளைத் தேடி முருகன் வருவது வேடன் வேஷத்தில். வேட்டைக்காரன் தரையில் நிற்கிறான், மான் குலத்தாள் பரணில் இருக்கிறாள். தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தப் பரண் என்ன உயரம் இருந்திருக்கும் என்றுதான் யோசிப்பார். முருகன் கீழேயிருந்து பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது, அதனால் ஒன்றரை ஆளுக்கு மேல் போகாது என்பது அவர் தீர்ப்பு.

வேட்டைப் பரண் சட்டத்தால்தான் முடிந்தது. 1882 சென்னை வனச் சட்டம் வந்த பிறகு ஒதுக்குக் காட்டில் வேட்டை அரசு விதிக்குள் போனது. நீலகிரியில் அதற்கும் முன்பே, 1879இல், வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டது. இவையெல்லாம் யார் வேட்டையாடலாம் என்பதைப் பற்றியவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி. ஆரம்பத்தில் அதுவும் சில விலங்குகளுக்கு உரிமம் கொடுத்தது. ஆனால் அதன் 17ஆவது பிரிவு ராத்திரி வேட்டையைத் தடுத்தது. தண்ணீர்த் துறையிலும், உப்புமண் நக்கும் இடத்திலும், அங்கே போகும் தடத்திலும் விலங்கைச் சுடக் கூடாது என்றது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தாத்தாவின் தொழில் முழுவதும் அந்த ஒரு பிரிவில் அடங்கிவிட்டது. சட்டம் எழுதியவருக்குப் பரணில் உட்கார்ந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும். 1991 திருத்தத்தில் உரிமப் பிரிவுகளும் இந்தப் பிரிவும் சேர்ந்தே போயின, உரிமமே இல்லாதபோது நிபந்தனை எதற்கு.

ஷாப்பில் மான் தோல் வருவதும் நின்றது. பாய் அதற்காக வருத்தப்படவில்லை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய காலம் போய், குரோம் வந்து, ஏற்றுமதி செருப்பு வந்து, அதற்கிடையே பாலாறு நாறி, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. மான் தோலை நினைக்க யாருக்கு நேரம்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே மான் வேட்டை இன்றும் உரிமத்தோடு நடக்கிறது. அலுமினியத்தில் மடக்குகிற பரண் கடையில் கிடைக்கிறது என்று படம் அனுப்பினான். பதினைந்து இருபதடி உயரத்தில் அடிமரத்தில் பட்டை போட்டு இறுக்கி, ஆளும் ஒரு வாரில் தன்னைக் கட்டிக்கொள்கிறான். பரணிலிருந்து விழுகிறவர்கள் அங்கே அதிகமாம், அதற்காக அந்த வார். காற்றைப் பார்க்க ஒரு குப்பியில் பொடி விற்கிறார்கள். தாத்தாவின் சாம்பல் முடிச்சு.

போன மார்கழியில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனேன். சாமை அறுவடை முடிந்து, ஒரு துண்டுக் கொல்லை மட்டும் பாக்கி நின்றது. நடுவில் பரண். மூங்கில்தான், ஆனால் நைலான் கயிற்றில் கட்டியிருந்தார்கள். மேலே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும். பன்றிக்காக ராத்திரி முழுக்கப் பழைய சினிமாப் பாட்டு ஓடுமாம்.

“மான் வருதாம்மா?” என்றேன்.

“வருது. பாட்டு கேட்டுக்கினு நிக்குது.”

ஏணியில் ஏறவில்லை, முட்டி விடாது. பரண் காலோடு ஒட்டி நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். அடித்தட்டு என் விரல் நுனிக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஒன்றரை ஆள்.