ஆறடி எட்டங்குலம்

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைப் பாதையிற் கடந்த ஒரு மாலையில், நம்முடன் நின்ற மாணவர் சிலரிடம் எதிர்வீரசிங்கம் என்பவர் யாரெனக் கேட்டோம். அரசியல்வாதியோ என்றார் ஒருவர். கூத்திலே வரும் அரசனாக்கும் என்றார் இன்னொருவர். முரளிதரனைப் பற்றிக் கேட்டிருந்தால் அதே மாணவர்கள் எண்ணூறு விக்கெட்டுகளின் கணக்கை ஒப்புவித்திருப்பர். கூடவே அவர் தமிழருக்கு நின்றாரா, நிற்கவில்லையா என்ற வழக்கையும் தொடங்கியிருப்பர்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934இல் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானிற் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. 1956இல் மெல்போர்ணுக்கும் சென்றார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் பெற்றார்.

இவ்வளவையும் பொது அறிவு நூலொன்றில் நான்கு வரியில் அடக்கிவிடலாம். ஆனால் டோக்கியோ விழா நடந்த நாட்களைச் சற்று நோக்குவோம். 1958 மே 24இல் அது தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. அதே நாட்களில் தாய்நாட்டில் பொலன்னறுவையிலும் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டுக் கொண்டிருந்தனர், வீடுகள் எரிந்தன. மே 27இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956 ஜூனில், கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் இரத்தம் சிந்தியதைப் படுவான்கரை மக்கள் அண்டை வீட்டுச் செய்தியாகவே கேட்டனர். இத்தகைய நாட்டின் கொடியைத்தான் ஒரு தமிழ் இளைஞர் டோக்கியோவில் உயர்த்தினார்.

அந்தத் தலைமுறைக்கு அப்பாய்ச்சல் ஒரு விடையாக இருந்தது. 'நாமும் இந்நாட்டின் மக்களே. இதோ சான்று' என்று சொல்ல அது உதவியது. அடுத்த தலைமுறை பல்கலைக்கழக வாசலிலே தரப்படுத்தலைச் சந்தித்தது. 1983 ஜூலையைக் கண்டது. சான்று காட்டிப் பயனென்ன என்று அது கேட்டது. வென்றவர் அவரே, உயரமும் அதே உயரம். பதக்கத்தின் பொருள் மட்டும் மாறிவிட்டது. போருக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்க எவருக்கும் ஓய்வு இருக்கவில்லை. ஆசிரியர்களாகிய நம்மிற் பலருக்கும் இதிற் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

எண்களும் முதியவர்களுக்குத் துரோகஞ் செய்கின்றன. 1968இல் மெக்சிக்கோவில் அமெரிக்கரான ஃபொஸ்பரி, கம்பத்துக்கு முதுகைக் காட்டி 2.24 மீற்றர் பாய்ந்தார். அதன்பின் உயரப் பாய்ச்சலின் முறையே வேறாயிற்று. 1993இல் கியூபாவின் சொற்றோமயோர் 2.45 மீற்றர் பாய்ந்தார். இந்த எண்களுக்கு அருகில் 2.03 சிறியதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் தடித்த மெத்தையின்மீது முதுகால் விழும் வசதி, மணற் குழியில் விழுந்த முந்திய காலத்தவர்க்கு இல்லை. மெத்தையின்றி அம்முறையைக் கைக்கொண்டவர் கழுத்தை முறித்துக்கொள்வார். எண்ணை மட்டும் வைத்து இரு காலத்தவரை ஒப்பிடும் இளைஞர், ஒரு தொழிலாளியின் கூலியை அவர் கையிலிருந்த கருவியைப் பாராமல் மதிப்பிடுபவரைப் போன்றவர்.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். எதிர்வீரசிங்கத்தின் பாய்ச்சலைப் பத்திரிகையிற் படித்தவரும் வானொலியிற் கேட்டவரும் இருந்தனர். கண்டவர் மிகச் சிலரே. முரளிதரனின் பந்தோ நாள்தோறும் திரையிற் சுழன்றது. சவர்க்காரத்துக்கும் குளிர்பானத்துக்கும் இடையே சுழன்றது. விற்கக்கூடிய புகழை வியாபாரம் பாதுகாக்கும். விற்க முடியாததைப் பாதுகாக்க மக்களின் நினைவைத் தவிர வேறு பெட்டகமில்லை.

ஆயினும் வியாபாரத்தாலும் ஒரு பெயரை மாற்றமின்றி வைத்திருக்க முடியவில்லை. முரளிதரன், தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் வழியினர். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரன் ஒருவர் 1996இல் உலகக் கிண்ணத்தை ஏந்திய அணியில் நின்றார். 2010இல் காலியில் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். எனினும் 2019இல் அவர் கோத்தாபய ராஜபக்சவை ஆதரித்துப் பேசியபின், அந்த எண்ணூறு தமிழ் இளைஞர் பலருக்குக் கசந்தது. 2020இல் அவரது வாழ்க்கைப் படத்தில் நடிக்க இசைந்திருந்த விஜய் சேதுபதி எதிர்ப்பின் காரணமாக விலகினார். 2023இல் அது வேறொரு நடிகருடன் வெளிவந்தது. அவர் பேச்சை நாம் ஏற்கவில்லை. ஆனால் மலையகத்துப் பிள்ளை ஒருவர் அவரை வேறு கண்ணாற் பார்க்கிறார் என்றால், அந்தக் கண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. வடக்கும் கிழக்கும் அதை அறிய முயன்றது குறைவு.

1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்ற டங்கன் வைற்றின் நிலை வேறுவிதம். அவருக்குப்பின் இன்னொரு பதக்கம் வர 52 ஆண்டுகள் சென்றன. அந்த வெறுமையே அவர் பெயரை வளர்த்தது. 2000இல் சுசந்திகா சிட்னியில் வென்றபோது வைற் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மட்டக்களப்புக்கு இவற்றிலிருந்து முற்றிலும் வேறான ஒரு மரபு உண்டு. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். இரு கொம்புகளைக் கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இருபுறமும் இழுப்பர். முறித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. எந்தச் சேரி வென்றது என்பதே கேள்வி. அங்கே புகழ் முழுவதும் சேரிக்குரியது. தனி ஒருவரின் பெயர் மங்கவும் வேண்டியதில்லை, மறுபடி துலங்கவும் வேண்டியதில்லை. நட்சத்திரங்களை எண்ணிப் பழகிய நாம் இதை விளையாட்டு வரலாற்றிற் சேர்ப்பதேயில்லை.

எதிர்வீரசிங்கம் பின்னாளில் கல்வித்துறையிற் பணியாற்றினார், ஆப்பிரிக்காவிலும் கற்பித்தார். 2024 ஏப்ரலில், 89ஆவது வயதில், அமெரிக்காவிற் காலமானார்.

பாதை மண்டூர்க் கரையை அடையுமுன், ஆறடி எட்டங்குலம் எவ்வளவு இருக்கும் என்று மாணவருள் ஒருவர் கேட்டார். கூட்டத்தில் நெடியவரை நிறுத்தி, அவர் தலைக்குமேல் ஒரு சாணுக்கு மேலாக நம் கையை உயர்த்திக் காட்டினோம். மாணவர் அந்தக் கையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மணலிலயா விழுந்தவர்?" என்று கேட்டார்.