மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள்

எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் பூத் டியூட்டி. முதல் நாள் மதியமே கிளம்பிப்போய், ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, மறுநாள் நள்ளிரவு தாண்டி விரலெல்லாம் அரக்கோடு வீடு திரும்புவார். யார் ஜெயிப்பாங்க என்று கேட்டால் பதில் வராது. "தேர்தல்ங்கிறது ஃபாரம்தாண்டா. ஒரு ஃபாரம் விட்டுப்போனா எல்லாம் போச்சு" என்பார். தூக்கம் கெட்ட மனுஷனின் அலுப்பு என்று நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்ற கிராமப்புறக் கவுண்டியைப் பற்றி வாசித்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது.

அங்கே நான் போய்ச் சேர்ந்தது ஒரு படத்தின் வழியாக. பாயத் தயாராக நிற்கும் கருஞ்சிறுத்தை. டி-சர்ட்டுகளில் பார்த்திருப்பீர்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1966 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிளாக் பேந்தர் கட்சியின் படம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்கும் முன்னால், அது ஒரு சின்னம். நம்ம ஊர் உதயசூரியன், இரட்டை இலை மாதிரி வாக்குச்சீட்டில் அச்சாகும் தேர்தல் சின்னம்.

லவுண்ட்ஸ் கவுண்டி, செல்மாவுக்கும் மாண்ட்கமரிக்கும் நடுவில் கிடக்கிறது. கறுப்பு மண், பருத்தி. நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை நினைத்துக்கொள்ளலாம். 1965இல் சுமார் 15,000 பேர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கறுப்பின மக்கள். நிலமோ பெரும்பாலும் சில வெள்ளைக் குடும்பங்களின் கையில். கறுப்பர்கள் பலரும் வாரத்துக்கு உழுதவர்கள். அந்த ஆண்டு தொடங்கியபோது வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்களின் எண்ணிக்கை பூஜ்யம். குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ, வாக்களிக்கும் வயதில் அங்கே வாழ்ந்த வெள்ளையர்களைவிட அதிகப் பெயர்கள். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பட்டியலில் உயிரோடு இருந்தார்கள்.

இதைத் துப்பாக்கியால் மட்டும் சாதிக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. துப்பாக்கியும் இருந்தது, 'ரத்த லவுண்ட்ஸ்' என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் அன்றாட வேலையைப் பார்த்தது ஆபீஸ். பதிவு அலுவலகம் மாதத்தில் முதல் திங்களும் மூன்றாம் திங்களும் மட்டும் திறக்கும். வேலைநாள் அது, பருத்திக்காட்டை விட்டு வந்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். மனு நீளமானது. அதோடு எழுத்தறிவுத் தேர்வு. தேறினாயா இல்லையா என்று முடிவுசெய்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். இதெல்லாம் போதாதென்று, ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் உனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். கறுப்பு வாக்காளரே இல்லாத ஊரில் யார் சொல்வது? இந்த விதியை யோசித்தவருக்கு அலுவலக மூளை அபாரமாக இருந்திருக்க வேண்டும்.

1965 மார்ச் 1, திங்கட்கிழமை. 39 பேர் கவுண்டியின் தலைமையிடமான ஹேய்ன்வில்லில் கோர்ட் கட்டடத்துக்குப் போனார்கள். யாரும் பதிவாகவில்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனார்கள். இந்த முறை பதிவு நடந்த இடம், பழைய ஜெயில். அன்றைக்கு இரண்டு பேர் பதிவானார்கள். ஒருவர் ஜான் ஹியூலெட். இன்னொருவர் ஜே.சி. லாசன், கண் தெரியாத பிரசங்கியார். எழுத்தறிவுத் தேர்வு வைத்த ஊரில் முதலில் தேறியவர்களில் ஒருவருக்குப் பார்வையே இல்லை என்பதை நான் இரண்டு முறை வாசித்தேன்.

அந்த மாதமே, செல்மா ஊர்வலம் முடிந்த இரவில், டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த வயோலா லியுஸோ லவுண்ட்ஸ் கவுண்டியின் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் அதிகாரிகள் நேரடியாகப் பெயர் சேர்க்க வந்தார்கள். அதே மாதம் 20ஆம் தேதி, ஜோனதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஹேய்ன்வில்லில் ஒரு கடை வாசலில் கொல்லப்பட்டார். 17 வயதுக் கறுப்பினப் பெண் ரூபி சேல்ஸைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். சுட்டவனை வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. ஜூரிப் பட்டியலும் ஒரு பட்டியல்தானே. கறுப்பர்களையும் பெண்களையும் அதிலிருந்து விலக்குவது செல்லாது என்று மறு ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பெயர் சேர்த்தவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் 80ஆம் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கின. சிலர் இரண்டு வருஷத்துக்கும் மேல் அந்தக் கூடாரங்களில் இருந்தார்கள். ஒரு பெயர், ஒரு வரி, பட்டியலில். அதற்கு இதுதான் விலை.

பட்டியலில் ஏறியாகிவிட்டது. யாருக்குப் போடுவது? ஜனநாயகக் கட்சியின் அலபாமா கிளைக்கு வெள்ளைச் சேவல்தான் சின்னம். அதோடு வெள்ளை மேலாதிக்கத்தை வாழ்த்தும் வாசகமும் இருந்தது. 1966 ஜனவரியில்தான் அந்தச் சொற்களை எடுத்தார்கள். கறுப்பர்கள் போட்டியிடலாம் என்றானதும், கவுண்டிக் கட்சிக் கமிட்டி ஷெரீஃப் பதவிக்கான மனுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக ஏற்றியது. மறுபடியும் ஃபாரம், ஃபீஸ்.

அங்கே வேலைசெய்த மாணவர் அமைப்பு எஸ்.என்.சி.சி. ஸ்டோக்லி கார்மைக்கேல் அதன் முகம். நான் ரசித்தது அதே அமைப்பின் ஆய்வாளர் ஜாக் மின்னிஸை. சட்டப் புத்தகத்தைத் தோண்டி, ஒரு கவுண்டிக்குள் மட்டும் தனிக் கட்சி தொடங்க அலபாமா சட்டமே வழிவிடுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். ஊர்க்கூட்டம் போட்டு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கலாம். பொதுத்தேர்தலில் 20 சதவீதம் வாங்கினால் அங்கீகாரம். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் கட்டாயம். அட்லாண்டாவில் ஒரு கல்லூரியின் சிறுத்தையைப் பார்த்து வரைந்து எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அந்தப் படம் பிறந்தது.

பிறகு அவர்கள் செய்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. படக்கதை மாதிரி சிறு புத்தகங்கள் போட்டார்கள். ஷெரீஃபின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் யார் நிலத்துக்கு எவ்வளவு போடுகிறார், பள்ளி வாரியம் பணத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று. அந்த ஊரில் இதெல்லாம் தேர்ந்தெடுக்கப்படும் பதவிகள். ஷெரீஃபுக்குப் பயந்தே வளர்ந்தவர்கள் உட்கார்ந்து, அந்த வேலையைத் தாங்களே பார்ப்பது எப்படி என்று படித்தார்கள். புரட்சி என்றால் முஷ்டி என்று போஸ்டர்கள் சொல்லித்தருகின்றன. லவுண்ட்ஸில் அது மாலை வகுப்பாக இருந்தது.

1966 மே 3, ஹேய்ன்வில் சர்ச் ஒன்றின் புல்வெளியில் சுமார் 900 பேர் கூடி ஏழு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பர் 8 தேர்தலில் ஏழு பேரும் தோற்றார்கள். முதலாளிகள் பண்ணையாட்களை லாரியில் ஏற்றிவந்து, யாருக்குப் போட வேண்டும் என்று குறித்த மாதிரிச் சீட்டையும் கையில் கொடுத்திருந்தார்கள். (லாரி, மாதிரிச் சீட்டு. நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) ஆனாலும் 20 சதவீதத்தைத் தாராளமாகத் தாண்டியிருந்தார்கள். 1970இல் ஜான் ஹியூலெட் ஷெரீஃப் ஆனார். பழைய ஜெயிலில் வரிசையில் நின்று பதிவானவர், 22 வருஷம் அந்தக் கவுண்டியின் ஷெரீஃபாக இருந்தார்.

படம் இதற்குள் ஓக்லண்ட் போய்விட்டது. பெயர் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் ஆகி, பிறகு மதுரை வழியாகத் தமிழுக்குச் சிறுத்தைகளாக வந்தது. இங்கே சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் நிற்கிறார்கள். மிருகங்களைப் புதிதாகச் சின்னமாகக் கொடுப்பதை நம் தேர்தல் ஆணையம் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. லவுண்ட்ஸின் சின்னம் இங்கே மனுவிலேயே தள்ளுபடி ஆகியிருக்கும்.

2013இல், அதே அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான கண்காணிப்பு ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் முடக்கியது. அடுத்த ஆண்டு, ஓட்டுப்போட புகைப்பட அட்டை வேண்டும் என்ற விதியை மாநிலம் அமலாக்கியது. 2015இல் செலவைக் குறைக்கிறோம் என்று 31 ஓட்டுநர் உரிம அலுவலகங்களை மூடுவதாக அறிவித்தார்கள். அந்த அட்டையைப் பெரும்பாலோர் வாங்கும் இடமே அதுதான். கரிசல் பட்டைக் கவுண்டிகள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் ஆளுநர் கொஞ்சம் இறங்கிவந்தார்: மாதத்துக்கு ஒரு நாள் திறப்போம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு நாளா? எந்தக் கிழமை?"